பீட்சா கடைக்குப் போட்ட திரை

கண்ணாடி வைப்பதற்காக எங்கள் கடையின் முன் சுவரை இடித்தார்கள். அதற்கு முன்னால் அது ஒரு சின்ன பேக்கரி, வாடகைக் கட்டடம். ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகி வந்தபோது என் வீட்டுக்காரர் அங்கே பன்னும் ரஸ்க்கும் உப்பு பிஸ்கட்டும் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். பின்னால் விறகு அடுப்பு. அதற்கும் பின்னால் நாங்கள் குடியிருந்த இரண்டு அறைகள். மில்லில் ஷிப்ட் விடுகிற நேரத்துக்குச் சரியாக பன் சூடாக இறங்கும். நான் பத்தாவது வரை படித்தவள். ஆட்களோடு பேச வராது. யாராவது முகத்தைப் பார்த்து விலை கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் பன் டின்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பாக்கெட் போடுவேன், அவர் விற்பார். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது. பெரிய வியாபாரம் என்று சொல்ல முடியாது. குறை என்றும் சொல்ல முடியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று ஊர் ஊராக பீட்சா கடை திறக்கிறது, கம்பெனி பெயரில் கடை நடத்த விருப்பமுள்ளவர்கள் மதுரையில் ஒரு ஹோட்டலுக்கு வரவும் என்று போட்டிருந்தார்கள். இவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். திரும்பி வரும்போது தலையில் சிவப்புத் தொப்பி இருந்தது.

"பெரிய தமிழ்நாடு மேப்பு மாட்டிருக்காக" என்றார். "கடை திறந்த ஊருக்கெல்லாம் கொடி குத்திருக்கு. மதுரைக்குக் கீழ ஒரு கொடிகூட இல்ல. நம்ம ஊரு மொட்டையா நிக்கி. பாக்கப் பாவமா இருந்துச்சு."

"பீட்சான்னா என்னங்க?"

"ஊத்தப்பம் மாதிரி. மேல சீஸத் தூவி வேக வைக்கணும்."

"நீங்க சாப்புட்டீகளா?"

"குடுத்தாக."

"எப்படி இருந்துச்சு?"

தொப்பியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்குன்னுதான் எல்லாரும் சொன்னாக."

ஊருக்கு ஒரே கடைதான் கொடுப்போம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. மாவு வட்டம், சீஸ், அட்டைப்பெட்டி எல்லாம் அவர்களே அனுப்புவார்கள். இடமும் உழைப்பும் நம்முடையது. போர்டு, மேசை, நாற்காலி, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, எல்லாம் அவர்கள் வரைந்து கொடுத்த படத்தில் இருக்கிற மாதிரியே நம் செலவில் போட வேண்டும். கடையில் வேறு எந்தப் பண்டமும் விற்கக் கூடாது. விறகு அடுப்பு இருந்தால் புகை வாடை வரும், அதையும் எடுத்துவிட்டுக் கரண்டு அடுப்பு வைக்க வேண்டும்.

விறகு அடுப்பை இடிக்கிற அன்று இவர் செட்டியார்பட்டியில் ஒரு துக்கத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். செட்டியார்பட்டியில் அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்து யாரும் சாகவில்லை.

அதற்கப்புறம் எங்களுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு கிடையாது. பன் போட விறகு அடுப்பு இல்லை. கையில் இருந்ததெல்லாம் கண்ணாடியாகி ரோட்டைப் பார்த்து நின்றது. கடை ஓடினால் சோறு, ஓடாவிட்டால் இரண்டு பேரும் மில் கேட்டில் போய் நிற்க வேண்டியதுதான்.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரமே ஆட்டோவில் மைக் கட்டி, செட்டியார்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி வரைக்கும் கத்திவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூட வாசல்களில் பாதி விலைச் சீட்டு கொடுத்தார்கள். விழா அன்று மதுரையிலிருந்து ஒரு வேன் வந்தது. ஆணும் பெண்ணுமாகக் கல்லூரிப் பிள்ளைகள் இறங்கினார்கள். அவர்கள்தான் எங்கள் முதல் வாடிக்கையாளர்கள். கண்ணாடியை ஒட்டிய மேசைகளில் உட்கார்ந்து, சீஸை நூல் நூலாக இழுத்து, சிரித்துச் சிரித்துச் சாப்பிட வேண்டும். அதற்குக் கம்பெனி கூலி கொடுத்தது. கம்பெனி சூப்பர்வைசர் இதை எங்களிடம் பெருமையாகவே சொன்னார். சின்ன வயதுக்காரர், டை கட்டியிருந்தார்.

"சாப்பிடறவங்களப் பாத்தாத்தானுங்க பசி வரும். இந்தக் கண்ணாடிதானுங்கண்ணா நம்ம விளம்பரமே."

ரோட்டில் கூட்டம் கூடத்தான் செய்தது. பால்காரர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்றார். ஒருவரும் உள்ளே வரவில்லை. பக்கவாட்டுச் சந்தில் நின்ற எனக்கு அவர்கள் பேசுவது கேட்டது.

"ஏலே, என்ன நடக்கு உள்ள?"

"சாப்புடுதாக."

"சாப்புடுததுக்கா இம்புட்டுக் கூட்டம்?"

"சைக்கிள் டியூப் மாதிரி இழுக்கு பாரு. அறுபடவே மாட்டேங்கு."

"அந்தப் பிள்ளைக்கு வீட்ல கேக்க ஆளில்லயா? ரோட்டப் பாக்க உக்காந்து வாயப் பொளக்கு."

வேன் சாயங்காலம் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த மேசைகளில் யாரும் உட்காரவில்லை.

எங்கள் பக்கத்தில் சாப்பாட்டின் மேல் கண் படவிட மாட்டார்கள். பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது வாசலில் ஆள் வந்து நின்றால் கிண்ணத்தை முந்தானையால் மூடுவோம். பிள்ளைக்கு வயிறு வலித்தால், யார் பார்க்கச் சாப்பிட்டான் என்பதுதான் முதல் கேள்வி. உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்ட பிறகுதான் மருந்து. ஆண்கள் டீக்கடையில் நின்றுகொண்டே வடை தின்பார்கள், அது வேறு. வயதுக்கு வந்த பெண்ணோ, வீட்டுக்கு வந்த மருமகளோ ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து தின்பது என்பது கிடையாது. பெரிய ஹோட்டல்களில் அதற்காகத்தான் ஃபேமிலி ரூம் என்று எழுதி அரைக் கதவு போட்டிருந்தார்கள். இதெல்லாம் இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் கம்பெனி படம் வரைந்து கொடுத்திருந்தது. படம் வரைகிறவர்களுக்கு நம்மைவிடத் தெரிந்திருக்கும் என்று இரண்டு பேரும் நினைத்துவிட்டோம்.

வந்த கொஞ்சப் பேரும் சந்துப் பக்கமாக வந்து பார்சல் வாங்கிப் போனார்கள். வீடு போய்ச் சேருவதற்குள் சீஸ் இறுகிவிடும். "அண்ணாச்சி, அட்டையும் அதுவும் ஒண்ணாயிருது. எதத் திங்கதுன்னு தெரியல" என்று மறுநாள் வந்து சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். தெர்மோகோல் பெட்டியில் பஸ்ஸில் வருகிற சீஸ், கரண்டு போகும்போதெல்லாம் கெட்டுப்போகும். அதை வாய்க்காலில் கொட்டப் போவது நான்.

அப்போதுதான் மில் மேனேஜரம்மா வந்தார். ஒரு நூல் மில் மேனேஜரின் மனைவி. மூத்த மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள், இளையவள் பள்ளிக்கூடம். அந்தப் பிள்ளைகளின் தொந்தரவுக்காக வந்தவர், காரைச் சந்துக்குள் நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் மதினி, உள்ள உக்காந்தா ரோட்ல போறவன் பூராவும் எங்க வாயத்தான பாத்துட்டுப் போவான்? ஒரு துணியக் கிணியக் கட்டித் தொங்கவிடக் கூடாதா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நம்மூர்ல துணிக்கா பஞ்சம்? ஆனா இங்க நெய்யுத பேண்டேஜ் துணியக் கட்டிராதீக. ஆசுபத்திரின்னு நெனச்சு ஊசி போட வந்துருவாக."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கே கடைத்தெருவில் கெட்டியான பச்சைத் துணி எடுத்து, மடித்துத் தைத்து, ஸ்பிரிங் கம்பியில் கோத்துக் கண்ணாடிக்கு உள்பக்கமாகக் கட்டினேன். நான்கு மேசைகள் மறைந்தன. மிச்சக் கண்ணாடியைக் கம்பெனிக்கு விட்டுவைத்தேன்.

ஒரு மாதத்துக்குள் அந்த நான்கு மேசைகளும் போதவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவும் பிள்ளைகளுமாக வந்தார்கள். மறுவீட்டுக்கு வந்த புதுப்பெண்ணை நாத்தனார்கள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண்கள் முதல் வாய் வைத்துவிட்டு ஒருத்திக்கு ஒருத்தி "பாகுந்தி, பாகுந்தி", நல்லாயிருக்கு என்று சொல்லி, இன்னொன்று கொண்டுவரச் சொல்வார்கள். திரைக்கு உள்ளே நான்தான் பரிமாறினேன். பெண்களாக இருந்ததால் எனக்கும் அங்கே பேச வந்தது. மாமியாரைப் பற்றிச் சொல்வார்கள், நான் கேட்பேன்.

"மதினி, இதுல கொஞ்சம் மொளகாப்பொடி கூடத் தூவுங்க. இங்கிலீஷ்காரன் மாதிரி சப்புன்னு இருக்கு."

"தூவுனா கம்பெனி கோவிச்சுக்கிடும்."

"கம்பெனியா திங்கி? நாங்கதான திங்கோம்."

மாலையில் கடையைக் கூட்டும்போது இவர் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார். பன் போட்ட காலத்தில்கூட அவர் பாடி நான் கேட்டதில்லை.

பிறகு சூப்பர்வைசர் சோதனைக்கு வந்தார். விற்பனையைக் கேட்டதும் இவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். திரும்பியவர் திரையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"என்னங்கண்ணா இது? ரோட்ல இருந்து பாத்தா கடை பூட்டிக் கெடக்கற மாதிரி இருக்குதுங்க."

"ரோட்ல போறவன் போகட்டும் சார். உள்ள வந்தவிய திரும்பத் திரும்ப வாராக. இந்தத் துணி வந்த பொறவுதான் யாவாரமே."

"அது தெரியுதுங்கண்ணா. ஆனா எல்லாக் கடையும் ஒரே மாதிரி இருக்கோணும். கோயமுத்தூர்ல பாத்த ஆளு இங்க வந்தாலும் அதே கடையாத் தெரியோணும்."

"கோயமுத்தூர்ல பாத்த ஆளு இங்க எதுக்கு சார் வாரான்?"

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புதுசாக் கடை எடுக்கறவங்களக் கூட்டிட்டு வந்து காட்டுவோமுங்க. அவங்க கார்ல இருந்தே பாப்பாங்க. உள்ள ஆளுங்க உக்காந்திருக்கறது தெரிஞ்சாத்தான் அவங்க கையெழுத்துப் போடுவாங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பீட்சா விற்பது எங்கள் வேலை. கம்பெனிக்குக் கடை விற்பதுதான் வேலை. அந்த மேப்பில் ஒரு கொடி குத்தினால் அவர்களுக்கு வியாபாரம் முடிந்தது. குத்தின இடத்தில் என்ன விற்கிறது, விற்கவில்லை என்பது கொடிக்குக் கீழே இருக்கிறவர்கள் பாடு. நாங்கள் ரோட்டைப் பார்த்து நின்றது ராஜபாளையத்துக்காரர்களுக்காக என்று நினைத்திருந்தோம். அடுத்து வரப்போகிற பேக்கரிக்காரனுக்காக நின்றிருக்கிறோம்.

சூப்பர்வைசர் தன் கண் முன்னாலேயே திரையைக் கழற்றச் சொன்னார், கழற்றினோம். மறுநாள் சாயங்காலம் சந்தில் வந்து நின்ற கார் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனது. அதற்கடுத்த நாள் காலையில் திரையை மறுபடியும் கட்டினேன். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

சில மாதம் அப்படியே போனது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், உள்ளே நான்கு மேசைகளும் நிறைந்திருந்த நேரம். வாசலில் இரண்டு கார் வந்து நின்றது. சூப்பர்வைசர் இறங்கினார். அவருக்கு மேலே உள்ள மேனேஜர் இறங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஜின்னிங் மில் வைத்திருந்த ஒரு பணக்காரர் இறங்கினார். அவர் புதிதாகக் கடை எடுப்பதற்காகப் பார்க்க வந்திருந்தார். கூடவே கேமராவோடு ஒருவர். வாசலில் நின்றபடியே அவர்களுக்குத் தெரிந்தது பச்சைத் துணிதான்.

கம்பெனி மேனேஜர் உள்ளே வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. துணியின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கம்பி ஆணியோடு பிய்ந்து வந்தது. "எடுங்க, எடுங்க, நல்ல கூட்டம் இருக்குது" என்றார். வெளியே கேமரா பளிச்சென்று அடித்தது.

முதல் மேசையில் மில் மேனேஜரம்மாவும் அவருடைய மூத்த மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணை அடுத்த வாரம் பெண் பார்க்க வருவதாகச் சற்று முன்புதான் என்னிடம் சொல்லியிருந்தார். அவள் வாய் நிறைய வைத்திருந்தாள். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அப்படியே இருந்தாள். அம்மா முந்தானையை இழுத்து மகள் தலையில் போட்டார். கண்ணாடிக்கு வெளியே போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

"அந்தப் படத்தக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க மதினி" என்றார் மேனேஜரம்மா. அவர் குரல் உயரவே இல்லை.

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் மேனேஜர் முன்னால் நின்றேன். வெளி ஆண் ஒருவரிடம் நானாகப் போய்ப் பேசியது அன்றைக்குத்தான். "அந்த பிலிம் ரோலக் குடுங்க சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்தார். "யாருங்க இவங்க? வேலைக்கு வெச்சிருக்கீங்களா?"

"என் வீட்டம்மா" என்றார் இவர்.

"விளம்பரத்துக்குத்தானுங்க. நல்லா வந்திருக்கும். இதுல என்னங்க தப்பு?" என்று சொல்லிவிட்டு அவர் ஜின்னிங் மில்காரரைக் கரண்டு அடுப்பைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் ஒவ்வொருவராகச் சந்து வழியாக வெளியேறினார்கள். பாதி தின்றது பாதியாகவே மேசையில் கிடந்தது.

அந்தப் படம் எங்கேயும் அச்சில் வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தால் என்ன, வராவிட்டால் என்ன. மூன்றாம் நாள் மில் மேனேஜரம்மா மட்டும் சந்துக் கதவில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல மதினி. வீட்ல அவிய இனிமே அந்தப் பக்கம் தல வச்சுப் படுக்கக் கூடாதுன்னுட்டாக. எனக்குத் தெரிஞ்சவகளும் இனி வர மாட்டாக. வீட்டு வீட்டுக்கு இதான் பேச்சு."

அவர் சொன்னபடியே நடந்தது. திரையை வைத்துக் கடையை நடத்தினோம். திரை இருந்தும் படம் எடுத்துவிட்டார்கள் என்றால் பிறகு யார் வருவார்? கம்பெனியும் காத்திருக்கவில்லை. கடையின் தோற்றத்தை மாற்றியதற்காக ஒப்பந்தம் ரத்து என்று சொல்லிவிட்டு சீஸ் அனுப்புவதை நிறுத்தியது. ஊருக்கு ஒரு கடை என்ற பேச்சும் மாறியிருந்தது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்த்து ஒரே ஏரியா, அது ஜின்னிங் மில்காரருக்கு. இரண்டு பேர் ஏணியோடு வந்து போர்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். போர்டுக்கு நாங்கள்தான் செலவு செய்தோம் என்று இவர் சொல்லிப் பார்த்தார். "பேரு கம்பெனிதுங்க" என்றார்கள்.

கட்டட உரிமையாளருக்கு மட்டும் லாபம். முன்னால் கண்ணாடி வந்துவிட்டதால் செருப்புக் கடைக்காரர் ஒருவர் கூடுதல் வாடகைக்குக் கேட்டார். குடியிருந்த அறைகளையும் சேர்த்துக் காலி செய்தோம். வேறு இடத்தில் அடுப்புக் கட்டி பன் போடலாம் என்று நான் சொன்னேன். அதற்குள் டவுனில் மிஷின் வைத்த பேக்கரிகள் வந்திருந்தன. எங்களிடம் வாங்கிய டீக்கடைகளெல்லாம் அங்கே வாடிக்கை போட்டிருந்தன. வாடிக்கையை விட்டுப் போனவர்கள் என்று எங்களைத்தான் சொன்னார்கள்.

மடவார் வளாகம் போகிற ரோட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் கடை பெரிதாகத் திறந்தது. மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் மைக். நாங்கள் அப்போது வாடகைக்கு இருந்த தெருவுக்குள்ளேயே வந்து கத்தினார்கள். "தமிழகத்திலேயே முதன்முறையாக, தாய்மார்களும் குழந்தைகளும் பிறர் பார்வை படாமல் அமர்ந்து உண்ண, தனி மாடி, முழுத் திரை வசதியுடன்." நான் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டேன். மைக்காரன் நான்கு தரம் சொன்னான். அதற்குப் பிறகு தெற்கே கம்பெனி திறந்த கடைகளிலெல்லாம் இந்த ஏற்பாடு உண்டு என்று கேள்விப்பட்டேன். அதைக் கண்டுபிடித்ததற்காக சூப்பர்வைசருக்குப் பெரிய பதவி கொடுத்தார்களாம்.

அந்தக் கடையில் சமையல் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. அடுப்புச் சூடு தெரிந்த ஆள் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. இவர் போனார். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிசி வாங்க வேண்டியிருந்தது. காலையில் பஸ் ஏறுவார், இருட்டிய பிறகு வருவார். சிவப்புத் தொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய் அங்கே போட்டுக்கொள்வார்.

ஒருநாள் ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறந்துவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே பஸ் பிடித்துக் கொண்டுபோனேன். கடை வாசலில் நின்ற வேலைக்காரர், "லேடீஸ் மாடிக்குப் போங்க மேடம்" என்று கையைக் காட்டினார். சமையல்காரர் வீட்டுக்காரி, மாத்திரை கொடுக்க வந்தேன் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது. சொல்ல வராமல் படியேறிவிட்டேன்.

மாடியில் கெட்டியான காப்பிக்கலர்த் திரை, தரை வரைக்கும். எங்கும் பெண்கள் குரல். ராஜபாளையத்து முகங்கள் பாதிக்கு மேல். மில் மேனேஜரம்மா இரண்டு மகள்களோடும் உட்கார்ந்திருந்தார். மூத்தவள் கழுத்தில் புதுத் தாலி.

"வாங்க மதினி, வாங்க. நீங்களும் வந்துட்டீகளா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "இங்க நல்ல மறைவா இருக்கு. துணியக் கட்டுனதுக்குப் பதிலா நீங்களும் இப்படிச் செவுரா எழுப்பியிருக்கலாம்ல? இப்பப் பாருங்க, எம்புட்டு தூரம் பஸ்ஸும் காருமா வர வேண்டியிருக்கு."

எனக்கும் சேர்த்து அவரே ஒரு பீட்சா கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்றதைக் காதில் வாங்கவில்லை. கூட்டம் அதிகமாக இருந்ததால் சமையல்கட்டிலிருந்தே தட்டுகளை மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தட்டைக் கொண்டு வந்தது இவர். என்னைப் பார்த்துவிட்டார். படிக்கட்டின் மேல்படியில் அந்தச் சூப்பர்வைசர், இப்போது மேனேஜர், நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்திருக்கிற பெண்கள் யாராக இருந்தாலும் மேடம் என்றுதான் பேச வேண்டும் என்று வேலைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவர் தட்டை என் முன்னால் வைத்தார்.

"வேற எதாச்சும் வேணுமா மேடம்?"

நான் பையைத் திறந்து மாத்திரைப் பட்டையை மேசை ஓரத்தில் வைத்தேன். அவர் காலித் தட்டுகளை அடுக்கினார். அதற்கு மேலே மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு கீழே போனார்.

"ஆறிரப் போவுது மதினி, சாப்புடுங்க" என்றார் மில் மேனேஜரம்மா.

சாப்பிட்டேன்.